பக்கத்து வீட்டு அடுப்பு

மீட்டர் பார்க்க வருகிற மனுஷன் அதற்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டியைத் திறப்பார், குறிப்பார், தாளைக் கிழித்து நீட்டுவார், போய்விடுவார். அந்த மாதம் மட்டும் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மிஸ், மேல எத்தன பேரு இருக்கீங்க?"

"நானும் அம்மாவும். ஏன்?"

"ரெண்டே பேரா?" மறுபடி மீட்டரைக் குனிந்து பார்த்தார். "போன மாசத்தவிட மூணு மடங்கு ஓடியிருக்கு. கடை கிடை ஏதாவது நடத்துறீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலையில் பள்ளிக்கூடம் போனால் பின்னேரம்தான் வருகிறவள் நான். அம்மாவுக்கு ரேடியோவும் ஒரு பல்பும் போதும். "ஒங்க மீட்டருக்குத்தான் பைத்தியம் புடிச்சிருக்கு" என்றேன். அவர் கோபப்படவில்லை. மேலே போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வரச்சொன்னார். அணைத்தேன். ஃபிரிஜ்ஜின் வயரைக்கூடப் பிடுங்கினேன். இறங்கி வந்து பார்த்தால் மீட்டரின் சிவப்பு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. வாசலில் பனிமூட்டம் வந்து நின்ற பின்னேரம் அது. இருட்டான அந்தப் பெட்டிக்குள் அது நிதானமாகச் சிமிட்டியது.

நுவரெலியாவில் அந்த மேல்மாடி வீட்டுக்கு வந்து ஐந்து மாதம். அதற்குமுன் நான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருந்தேன். அம்மாவும் அப்பாவும் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், நான் பிறந்த அதே லயத்து வரிசைவீட்டில், அதே ஒற்றை அறைக் காம்பிராவில் இருந்தார்கள். அப்பா போனார். கருமாதி முடிந்த கையோடு, வீட்டில் தோட்ட வேலைக்கு ஆள் இல்லை என்று தோட்ட நிர்வாகம் காம்பிராவைத் திருப்பிக் கேட்டது. சாவியைக் கொடுத்த அன்று அம்மா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஒங்கப்பா திரும்பி வந்தா எங்க போவாரு புள்ள?" நான் அப்பாவின் தகரப்பெட்டியைத் தூக்கி வேனில் போட்டேன்.

அந்த வீட்டில் இரண்டு அறைகள். முன்னறையில் நானும் அம்மாவும் படுத்தோம். பின்னறையில் அப்பாவின் பெட்டியை வைத்துப் பூட்டினேன், சாவி அடுப்படி ஆணியில் தொங்கியது. கீழே இருந்த வீட்டுக்காரர் ஒரு சிங்கள ஐயா, நெடுங்காலம் இங்கிலாந்தில் இருந்து வந்தவர். வரும்போது பீரோ கனத்துக்கு இரண்டு ஹீட்டர் கொண்டுவந்து அறைக்கொன்றாகச் சுவரோடு பொருத்தியிருந்தார். உள்ளே முழுக்கச் செங்கல். கரண்ட் அந்தச் செங்கலைச் சுடவைக்கும், செங்கல் மணிக்கணக்காகச் சூட்டை விடும். அங்கே கரண்ட் மலிவான ராத்திரி நேரத்தில் மட்டும் ஓட ஒரு மணிக்கூடு இருக்குமாம். இங்கே அது இல்லை, சுவிட்சைப் போட்டால் பகலென்றும் இரவென்றும் பார்க்காமல் இழுக்கும். நமக்கு எதற்கு இந்தச் சீமைச் சங்கதி என்று வந்த அன்றே இரண்டையும் நான் அணைத்துவிட்டேன்.

இருந்தும் எங்களுக்குக் குளிரவில்லை. என் கட்டில் ஒட்டிக் கிடந்த சுவர் கொஞ்ச நாளாக எந்நேரமும் இளஞ்சூடாக இருந்தது. நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. லயத்தில் பிறந்தவளுக்குச் சுவர் சூடாக இருந்தால் அது பக்கத்து வீட்டு அடுப்பு, அவ்வளவுதான். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர், அந்தப் பக்கம் விறகு எரிந்தால் இந்தப் பக்கம் முதுகு காயும். நெஞ்சுச்சளிக்காரரான அப்பா நாற்பது வருஷம் அந்தச் சுவரில் முதுகைக் கொடுத்துத்தான் படுத்தார். அடுத்த வீட்டில் அடுப்பு பற்றாத நாளில், "என்னா, இன்னிக்கு ஒல வைக்கலையா?" என்று சுவரைத் தட்டிக் கேட்பார். ஆகவே நானும் சுவரில் முதுகைக் கொடுத்துப் படுத்தேன், பக்கத்து வீட்டுப் புண்ணியவான்கள் நல்லா இருக்கட்டும் என்று.

மீட்டர் அப்படிச் சிமிட்டியதும்தான் எனக்குப் புத்தி வேறு பக்கம் ஓடியது. நேராக வீட்டுக்காரரிடம் போனேன். "ஐயா, பக்கத்து வீட்டுக்காரங்க எங்க லைன்ல இழுக்கிறாங்களோன்னு சந்தேகமா இருக்கு. அவங்க சுவரு எந்நேரமும் கொதிக்குது" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எந்தப் பக்கத்து வீடு டீச்சர்? அது நாலு மாசமா பூட்டித்தானே இருக்கு."

மேலே ஓடினேன். அன்று வெள்ளிக்கிழமை, அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். கட்டிலில் முட்டிபோட்டு நின்று சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சூடு அப்படியே இருந்தது, ஆள் படுத்து எழுந்த பாய்போல. அப்போதுதான் உறைத்தது. இந்தச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீடே இல்லை. எங்கள் பின்னறைதான் இருக்கிறது. நான் பூட்டிவைத்த அறை.

கதவைத் திறந்ததும் வெப்பக்காற்று முகத்தில் அடித்தது. ஹீட்டருக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, அப்பாவின் பாய் விரித்துக் கிடந்தது. தலையணை. காலடியில் மடித்த கம்பளி. ஹீட்டரின் தலைமேல் அவருடைய டம்ளர், உள்ளே ஒன்றும் இல்லை, அடியில் மட்டும் சாயத்தண்ணிக் கறை வட்டமாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு டப்பா மூடி. பாலில்லாத அந்தத் தேத்தண்ணியில் அப்பா சீனி கலக்கமாட்டார், மூடியில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார். என் வாய் தானாக "அப்பா" என்றது.

கோயிலிலிருந்து வந்த அம்மாவைச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. "என்னம்மா இது? சுவிட்ச நீங்களா போட்டீங்க?" என்று கத்தினேன்.

"எந்தச் சுவிட்சு? அந்த இரும்புப் பொட்டி என்னான்னே எனக்குத் தெரியாது. பெருக்கப் போனப்ப சுவரு சூடா இருந்துச்சு. பக்கத்து வீட்டு அடுப்புன்னு நெனச்சேன். ஒங்கப்பாவுக்கு அதுதானே வேணும்? பாயப் போட்டேன். டெய்லி காலையில அரை டம்ளரு வைக்கிறேன். மறுநாளு பாத்தா காலியா இருக்கு."

"அது சூட்டுல காஞ்சு போகுதும்மா!"

"ஆமா, ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார் அம்மா.

சுவிட்சைத் தேடினேன். முழங்கால் உயரத்தில், தகரப்பெட்டிக்குப் பின்னால் இருந்தது. பெட்டியின் மூடி விளிம்பு அதை அழுத்திக்கொண்டிருந்தது. முன்னொரு தடவை கூட்டும்போது பெட்டியைச் சுவரோடு தள்ளிவிட்டது அம்மாதான். அப்பாவின் பெட்டியே அப்பாவுக்குச் சுவிட்சைப் போட்டிருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. பெட்டியை இழுத்துவிட்டு அணைத்தேன்.

செங்கல் ஆற இரண்டு நாளானது. மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலையில், சுவர் பச்சைத் தண்ணீராகக் கிடந்தது. அம்மா தன் துணிகளை ஒரு பையில் கட்டி வைத்திருந்தார்.

"எங்க போறீங்க?"

"அவரு குளிர்ல இங்க இருக்கமாட்டாரு. லயத்துக்குத்தான் போயிருப்பாரு. நானும் போறேன்."

"அங்க வேற ஆளுங்க குடியிருக்காங்கம்மா! எங்க போய் நிப்பீங்க?"

"வாசல்ல நிக்கிறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பனியில், அந்த லயத்து வாசலில், யாரோ ஒருவர் வீட்டு அடுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு அம்மா நிற்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. அந்தப் பிடிவாதம் எனக்கும் இருக்கிறது, அதனால் அது எங்கே போய் முடியும் என்று தெரியும்.

கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னார். இன்றைக்கும் சாயத்தண்ணி வைப்பார். அப்பா குடித்திருந்தால் பையை அவிழ்ப்பார். டம்ளர் அப்படியே இருந்தால் பின்னேர பஸ். "நீயே பூட்டிச் சாவியக் கொண்டு போ. இல்லாட்டி நான்தான் ஊத்திட்டேன்னு சொல்லுவ." என் கண்முன்னால் அரை டம்ளர் ஊற்றினார், மூடியில் ஒரு கரண்டி சீனி கொட்டினார். நான் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டேன்.

அன்று நான் பிள்ளைகளுக்கு என்ன படிப்பித்தேன் என்று கேட்டால் தெரியாது. ஆவியாதல் பாடம் என்று மட்டும் நினைவிருக்கிறது. வெட்கக்கேடு. சூடில்லாத அறையில் அரை டம்ளர் எப்படிக் காயும்? எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் முழுக்க அம்மாவை பஸ் ஏற்றிவிடத் தயாராக நின்றது. இடைவேளை மணி அடித்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா பின்பக்கக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. சத்தமில்லாமல் அறையைத் திறந்தேன்.

டம்ளர் வைத்தபடி இருந்தது. ஒரு சொட்டு குறையவில்லை.

அறை வெறும் அறையாக, சில்லென்று இருந்தது. அப்பா இல்லை. ஐந்து மாதமாகத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அப்போதுதான் செத்தவர்போல இருந்தது. டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். ஆறிப்போய் கசந்தது. கசப்புக்குச் சீனியைத் தொட்டுக்கொள்ளலாம் என்று மூடியை எடுத்தேன்.

மூடியில் சீனி இல்லை. ஒரு மணிகூட இல்லை, கழுவித் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. எறும்பாக இருக்கும். அந்தக் குளிரில், அந்த வீட்டில், ஓர் எறும்பை நான் அதுவரை கண்டதில்லை. சாவி என் கையில்தான் இருந்தது. நான் மூடியை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, குனிந்து சுவிட்சைப் போட்டேன்.

பின்னேரம் அம்மா டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். சந்தோஷமெல்லாம் படவில்லை. "ஆறிப்போனத எப்படித்தான் குடிச்சாரோ" என்று முணுமுணுத்துக்கொண்டே பையை அவிழ்த்தார். சுவர் மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் மீட்டர்க்காரர் மறுபடி தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "கொறையவே இல்லையே மிஸ். நெசமாவே ரெண்டு பேருதானா?"

"இல்லைங்க" என்றேன். "மூணு பேரு."