வடிகட்டியில் நின்ற உப்பு

எங்கள் தொழிலில் கண்ணால் காண்பது பொய், மீட்டரில் காண்பதே மெய்.

நான் ஊரப்பாக்கத்தில் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்கிறவன். வீட்டில் மெஷின் மாட்டியவர்களுக்கும், அதனிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கும் என் கஷ்டம் புரியும். போர் தண்ணீரில் மண் கலந்து வந்தால் ஜனங்கள் பதறிப்போய் போன் செய்வார்கள். உப்பு கரைந்து வந்தால் பளிங்கு மாதிரி இருக்கிறது என்று மெச்சுவார்கள். பிளஸ் டூ வேதியியலில் இரண்டு முறை கோட்டை விட்டவன் நான். கலவை வேறு, கரைசல் வேறு என்று ஊருக்கே பாடம் எடுக்கும்படி என் தலையில் எழுதியிருக்கிறது.

நாலு மடிப்பு வேட்டி

ஸ்டேஷன் பக்கம் ஒரு அபார்ட்மென்ட். பதினாறு வீடு, பதினாறு மெஷின், எல்லாம் என் பொறுப்பு. செக்ரட்டரி வேதவல்லி மேடம், ரிட்டயர்டு வரலாற்று ஆசிரியை. ஒரு நாள் போனால், அவர் வீட்டு மெஷின் அணைந்து கிடக்கிறது. பைப்பில் பழைய வேட்டியை நாலாக மடித்துக் கட்டியிருக்கிறார். வருகிற ஞாயிறு மீட்டிங்கில் பதினாறு மெஷினையும் எடுத்துவிடச் சொல்லப்போவதாக அறிவித்துவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டினார்.

தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கரைந்த உப்பை அளக்கும் மீட்டரை அதில் விட்டேன். ஆயிரத்து நானூறு. குடிக்கிற தண்ணீருக்கு ஐந்நூறே அதிகம். மண் துணியில் நிற்கும், கரைந்த உப்பு நிற்காது என்றேன். டம்ளரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குக் காட்டராக்ட் ஆபரேஷன் ஆகி எல்லாம் நல்லாத் தெரியுதுப்பா. உன் மீட்டரைத்தான் கண் டாக்டர்கிட்ட காட்டணும்."

கொதிக்க வைத்த வைத்தியம்

அதே தண்ணீரைக் கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். சூட்டில் உப்பு போய்விடும் என்று நம்பி, கஷாயம் மாதிரி பாதியாகச் சுண்டவைத்திருந்தார். ஆறவிட்டு மீட்டரை விட்டேன். இரண்டாயிரத்தைத் தாண்டியது. தண்ணீர்தான் ஆவியாகப் போகும் அக்கா, உப்பு பாத்திரத்தை விட்டு நகராது என்றேன். டி.வி. முன்னால் சாய்ந்திருந்த கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

"இவ்ளோ சூடு வெச்சும் நகரலைன்னா, இந்த உப்பும் எங்க வீட்டுக்காரர் மாதிரிதான் தம்பி."

மேனேஜர் சொன்ன வழி

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வீடும் கைவிட்டுப் போனால், கம்பெனியில் என்னைத் தூரத்தில் இருக்கும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மாற்றிவிடுவார்கள். மனைவிக்கு எட்டாம் மாதம், வீட்டில் வேறு ஆள் இல்லை. கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் போய் நிற்கிற தூரத்தில் நான் இருந்தாக வேண்டும். பயந்துபோய் மேனேஜரிடம் சொன்னேன்.

"வாயால சொன்னா யார் நம்புவா? எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டு. கெமிஸ்ட்ரில ஃபெயில்னு மட்டும் மூச்சு விடாதே."

ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை

பார்க்கிங்கில் மீட்டிங். மேஜையில் டம்ளர்கள், ஒரு டீ வடிகட்டி. முதலில் ரவையைத் தண்ணீரில் கலக்கி வடிகட்டினேன். ரவை மேலே நின்றது. இது கலவை என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்தது உப்பு. இது அப்படியே கரைந்து இறங்கிவிடும், பாருங்கள் என்று சவால் விட்டேன். சவால் விட்ட வேகத்தில், ஸ்டெல்லா அக்கா கொடுத்த கல்லுப்பை இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர் இவ்வளவு உப்பைத்தான் கரைக்கும், மிச்சம் அடியில் தங்கும் என்பது அப்போது பார்த்து மறந்துபோனது. பிளஸ் டூவிலும் அந்தக் கேள்வியைத்தான் விட்டேன்.

கலக்கி வடிகட்டினேன். வடிகட்டியில் உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்து நின்றது. மேடம் எழுந்தார். "பார்த்தீங்களா? டீ வடிகட்டியிலேயே உப்பு நின்னுடுச்சு. மெஷின் எதுக்கு? வேண்டாம்கிறவங்க கை தூக்குங்க." ஒவ்வொரு கையாக உயர்ந்தது.

காலையிலிருந்து நாற்காலி தூக்கிப் போட்டுக் களைத்திருந்த வாட்ச்மேன் முனுசாமி அண்ணன், வடிகட்டி இறக்கிய டம்ளரைப் பார்த்தார். தெளிவான தண்ணீர். எடுத்து ஒரு மடக்கு வாயில் ஊற்றினார். அடுத்த நொடி செடிப் பக்கம் ஓடித் துப்பினார். "இன்னா சார், கடலையே வடிகட்டி வெச்சிகினு கீற!"

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. மேடம் அந்த டம்ளரில் மிச்சமிருந்ததில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதே பளிங்குத் தெளிவு. மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சிலை கணக்கா நின்னு பார்க்காதப்பா. மேல போய் எங்க வீட்டு மெஷினை ஆன் பண்ணு. முனுசாமிக்கு நல்ல தண்ணி வேணும்."

மகள் பிறந்த அன்று ஐந்தே நிமிடத்தில் நான் மனைவி பக்கத்தில் போய் நின்றேன் என்றால், அதற்குக் காரணம் நான் வேதியியலில் தேறியது இல்லை, முனுசாமி அண்ணனுக்கு அன்று தாகம் எடுத்ததுதான்.