நசீறா மாமியின் போத்தல்

சிலாவத்துறையில் எவளுக்குப் பிள்ளை தங்கும், எவளுக்குத் தங்காது என்று அறிய வேண்டுமென்றால் நசீறா மாமியைக் கேட்டால் போதும். டொக்டர்மார் எல்லாம் சும்மா படித்தவர்கள். மாமிக்கு இந்தப் பட்டம் கிடைத்தது, சண்டைக் காலத்தில் ஊரை விட்டுப் போய் இருந்த புத்தளத்து அகதி முகாமில். யாரோ ஒருத்திக்குப் பிள்ளை பிறந்த அன்று மாமி வெந்நீர் வைத்துக் கொடுத்தாவாம். அவ்வளவுதான். பிள்ளையை எடுத்தது வேறு ஆள். பிறகு ஊர் திரும்பி, புருசனையும் அடக்கம் செய்து, கருவாடு விற்று இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கி முடிக்கிறதுக்குள் அந்த வெந்நீர் பெரிய வைத்தியமாக வளர்ந்துவிட்டது. கருவாட்டு விசயத்தில் மாமியை ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. மனிசி அதோடு நின்றிருக்கலாம் என்பது மருமகள் பஸ்மினாவின் எண்ணம்.

பஸ்மினாவுக்கும் மாமியின் மகன் ஸாஜித்துக்கும் நிக்காஹ் முடிந்து மூன்று வருசமாகியும் பிள்ளை இல்லை. இருந்தது பஸ்மினாவின் சீதன வீட்டில்தான். என்றாலும் மாமி நினைத்த நேரம் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்குவா. மற்ற மாதங்களில் மருமகளின் வயிற்றுச் சமாச்சாரத்தை ஊகிக்கத்தான் வேண்டும். நோன்பு மாதத்தில் அந்தக் கரைச்சலும் இல்லை. பகலில் எவள் தண்ணீர் குடிக்கிறாளோ அவளுக்கு மாதவிலக்கு, தொழுகை இல்லாத நாள். தொழுகை இல்லையென்றால் வயிற்றில் பிள்ளையும் இல்லை. மாமியின் சாத்திரம் முழுக்க இதற்குள் அடங்கிவிடும்.

அந்த நோன்பில் ஒருநாள் காலை பஸ்மினா துணியில் கறையைக் கண்டாள். நாள் வர இன்னும் கொஞ்சம் இருந்தது. முந்திக்கொண்டு வந்துவிட்டதென்று அழுகையை விழுங்கிக்கொண்டு நோன்பை விட்டாள். மத்தியானம் குசினியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது மாமி வந்து வாசலில் நின்றா. கோப்பையைப் பார்த்தா. ஒரு பெருமூச்சு விட்டா. நோன்பு திறக்க முன்னமே செய்தி பக்கத்துத் தெரு வரைக்கும் போய்விட்டது. கூடவே, ஸாஜித்துக்கு வேறு இடம் பார்த்தால் என்ன என்ற கதையும் போனது.

ஆனால் பஸ்மினாவுக்கு ஒன்று இடித்தது. அவளுக்கு வழக்கமாக வருகிறதென்றால் சிவப்பாக வரும், நேரம் போகப் போகக் கூடும், துணி மாற்றி மாளாது, இடுப்பு கழன்றுபோகும். இதுவோ மண்ணிறத்தில் ஒரு பொட்டு. இரவாகியும் கூடவில்லை. விடிந்து பார்த்தால் துணி சுத்தமாக இருந்தது.

ஸாஜித் வாய்விட்டிருப்பான், அன்றைக்கே மாமி ஒரு சோடாப் போத்தலோடு வந்துவிட்டா. உள்ளே கறுப்பாக ஒரு கசாயம். எள்ளு, கருஞ்சீரகம், பழைய பனங்கட்டி, பிறகு பெயர் சொல்லாத ஏதோ ஒரு வேர். வந்தது பாதியில் நின்று உள்ளே கட்டிப்போச்சுதாம், இதைக் குடித்தால் எல்லாம் இறங்கி வயிறு சுத்தமாகுமாம். இறங்கும் என்று கேட்டதும் பஸ்மினாவுக்கு அந்த மண்ணிறப் பொட்டு நினைவுக்கு வந்தது. ஒருவேளை பிள்ளை தங்கியிருந்தால்? இறங்கப்போவது என்னவென்று இந்த மனிசிக்குத் தெரியுமா? வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். மாமியின் குடை தெருவால் திரும்பியதும் போத்தலைக் கிணற்றடி முருங்கையின் அடியில் கவிழ்த்தாள்.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டா. கொஞ்சமாகக் கறை பட்டு, கூடாமல் ஒன்றிரண்டு நாளில் நின்றால் அது பிள்ளை தங்குகிற நேரத்துக் கறையாகவும் இருக்கலாம், ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல ஏலாது, நாள் தள்ளினதும் சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்றா. நோவோ இரத்தமோ கூடினால் ஒரு நிமிசமும் வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரச் சொன்னா. நாள் தள்ளியது. சோதித்தாள். இரண்டு கோடு விழுந்தது. பஸ்மினா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஸாஜித் உம்மாவிடம் ஓடினான். பின்னேரம் மாமி இனிப்புக்கு ஒரு சட்டி வட்டிலாப்பத்தோடு வந்தா. எல்லாம் தன்னுடைய கசாயம் செய்த வேலையாம்! போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டும் போனா. பஸ்மினாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லப் போனவளிடம், உம்மாவின் மனம் நோகும், விடுமன் என்று ஸாஜித் கெஞ்சினான். பெருநாள் வருகிறதே என்று அவளும் விட்டுவிட்டாள்.

பெருநாள் மத்தியானம் எல்லாரும் பஸ்மினாவின் வீட்டில் சாப்பிட்டு முடிந்தது. மாமியின் மகள் ஸஜானா, கட்டிக்கொடுத்து இன்னும் பிள்ளை இல்லாதவள், முகம் வாடி ஒரு கதிரையில் இருந்தாள். அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. காலையில்தான் லேசாக ஒரு கறை கண்டதாம். மாமி பைக்குள் கையை விட்டா. அதே சோடாப் போத்தல், அதே கறுப்பு. மச்சி பஸ்மினாவுக்கு வேலை செய்தது உனக்கும் செய்யும் என்று கிளாசில் வார்த்து மகளின் கையில் கொடுத்தா.

பஸ்மினா ஸாஜித்தைப் பார்த்தாள். அவன் கண்ணால் வேண்டாம் என்றான். சீ, இந்தப் பயத்துக்காக இன்னொருத்தியின் பிள்ளை போகவேணுமோ?

"மாமி, உங்கட மருந்தில ஒரு சொட்டும் நான் குடிக்கேல்லை. முழுக்க முருங்கைக்கு ஊத்தினனான். குடிச்சிருந்தா இந்தப் பிள்ளை மிஞ்சியிருக்குமோ, அல்லாஹ்தான் அறிவான். மச்சி, முதல்ல கிளினிக்குக்கு வாங்கோ."

 மாமி தன் மகளைப் பார்க்கவில்லை, மருமகளின் வயிற்றைப் பார்க்கவில்லை, கையில் இருந்த போத்தலைத்தான் பார்த்தா.

"முருங்கைக்கோ? எவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சினனான்" என்றா.

ஸஜானா எழும்பினாள். கையில் இருந்த கிளாசோடு உம்மாவின் போத்தலையும் வாங்கிக்கொண்டாள். கிணற்றடி முருங்கையை நோக்கிப் போனாள்.