மேஸ்திரியின் தீனிப்பை

கருமத்தம்பட்டியில் ஜெபராணி பேசினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். கோபக்காரி அல்ல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறிச் சத்தத்துக்குள் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. தறி நின்ற பிறகும் அது இறங்குவதில்லை. கணவர் தங்கராஜ் தறி ஓட்டுகிறார். அவள் தார்க்குழல்களில் நூல் சுற்றித் தருகிறாள். மகள் லின்சி கல்யாணமாகித் துடியலூர் போன பிறகு, வீட்டை ஒட்டிய அந்தத் தறிக்கூடத்தில் நாள் முழுக்க அவள் காலடியில் கிடப்பது ஒரு செவலைக் கோழி.

அதன் பேர் மேஸ்திரி. ரிப்பேர் பார்க்க வரும் மேஸ்திரியைப் போலவே ஒவ்வொரு தறிக்கடியிலும் தலையைச் சாய்த்துப் பார்க்கும், ஒன்றும் செய்யாமல் அடுத்த தறிக்குப் போகும். பேர் வைத்தது தங்கராஜ். முட்டை அதற்கு மனசு வந்தால்தான்.

பக்கத்துக் கூடம் ரங்கநாயகியுடையது. அங்கே ரோஸ் பார்டர் வைத்த துண்டு ஓடுகிறது. ஜெபராணி கூடத்தில் வெறும் வெள்ளைக் காடாத் துணி. சுவருக்கு மேலே இருவருக்கும் நடக்கும் வழக்கு எப்போதும் ஒன்றுதான்.

"ஜெபா, உன்ற கோழி எங்க கூடத்துல பூந்து நூலையெல்லாம் கிண்டி வெச்சிருக்குது."

"என்ற மேஸ்திரி காம்பவுண்டு தாண்டாதுங்க்கா. ஏதாச்சும் பூனையா இருக்கும்."

"பூனை கொக்கரிக்குமா அம்மணி?"

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கு என்று கரண்டை நிறுத்துவார்கள். அப்படி ஒரு நாள் காலையில், தறிகள் ஓய்ந்து கிடந்தபோதுதான் கோழியின் சத்தமும் இல்லை என்று ஜெபராணிக்கு உறைத்தது. மேஸ்திரி ஒரு மூலையில் இறகை உப்பிக்கொண்டு நின்றது. போட்ட கம்புத் தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அலகோரத்தில் ஒரு நூல் நுனி தொங்கியது.

நூல் சுற்றுகிறவள் கண்ணில் நுனி பட்டால் கை சும்மா இருக்குமா? பிடித்து இழுத்தாள். நூல் வரவில்லை, கோழிதான் கூடவே வந்தது. கழுத்தை நீட்டித் திணறியது. பதறிப்போய், இடுப்பில் எப்போதும் சொருகியிருக்கும் குட்டிக் கத்தரியால் நுனியை வெட்டினாள். மிச்சம் சரக்கென்று உள்ளே போய்விட்டது. கழுத்தடியைத் தடவிப் பார்த்தாள். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த கோழிக்கு அந்த இடம் தட்டையாக இருக்க வேண்டும். இங்கே சப்பாத்தி மாவை உருட்டி வைத்தது போலக் கெட்டியாக ஒரு கட்டி.

"மாதாவே! என்னங்க, இங்க வாங்க!"

தங்கராஜ் வந்து பார்த்தார். "லின்சியும் மாப்பிள்ளையும் ஞாயித்துக்கெழம வாராங்க. எப்படியும் அது சாகறதுக்கு முந்தி…"

"மீதியையும் சொல்லிப்போடுங்க, கேக்கறேன்."

அவர் நைசாகத் தறிப்பக்கம் நகர்ந்தார்.

சத்தம் கேட்டு ரங்கநாயகி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். விஷயம் தெரிந்ததும் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "ஏறு ஜெபா. நம்ம வழக்கப் பொறகு பேசிக்கலாம்." நூல் கோன் வரும் அட்டைப்பெட்டியில் கோழியை வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு ஜெபராணி பின்னால் உட்கார்ந்தாள்.

கால்நடை மருத்துவர் ஹுமேரா இளவயசுக்காரர். கட்டியை மெதுவாக உருட்டிப் பார்த்தார். "தீனிப்பை அடைச்சிருச்சுங்க்கா. தின்ன தீனி மொதல்ல இங்க வந்துதான் ஊறி, பொறகு கீழ எறங்கும். நூல் சுருண்டுக்கிட்டதால ஒண்ணும் எறங்கல. நுனிய இழுத்தீங்களா?"

"இழுத்துப்போட்டனுங்க டாக்டரம்மா!"

"கத்தாதீங்க்கா, பக்கத்துலதான் இருக்கேன். இனிமே இழுக்காதீங்க, உள்ள அறுத்துரும். வெறும் தீனி அடைப்புன்னா தண்ணி குடுத்து நீவி விட்டுப் பாக்கலாம். இது நூலு, கீறித்தான் எடுக்கோணும். ரொம்பச் சோந்திருக்குது. தாங்கிரும்னு உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா விட்டா பொழைக்காது."

ஜெபராணி கோழியின் முகத்தைப் பார்த்தாள். "கீறுங்க" என்றாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, கழுத்தடியில் கொஞ்சம் இறகைப் பிடுங்கி, ஹுமேரா சின்னதாகக் கீறினார். ஜெபராணி இறக்கைகளை அமுக்கிப் பிடித்திருந்தாள். இடுக்கியில் முதலில் புல் வந்தது. பிறகு வெள்ளை நூல், ஊறிப்போய், சாணி நிறத்தில். இழுக்காமல், சிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தி எடுத்தார். அப்புறம் வந்தது ரோஸ் நூல். கொத்துக் கொத்தாக.

ரங்கநாயகி சுவரில் ஒட்டியிருந்த மாட்டுப் படத்தை மிகவும் அக்கறையாகப் பார்த்தபடி கேட்டாள்: "அது யாரு கூடத்து நூலு ஜெபா?"

ஜெபராணி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன சொன்னே? காதுல உழுகல."

"உங்குளுதுதானுங்க்கா."

"ஏனுங்க டாக்டர், பாத்தீங்களா? இவளுக்கு மெதுவாவும் பேச வருது."

ஹுமேராவுக்குச் சிரிப்பு வந்து, கை ஆடாமல் இருக்க இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். ஜெபராணிக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. கோழி மட்டும் கண்ணை மூடித் திறந்தது. தீனிப்பையைக் கழுவி, அதை ஒரு தையல், தோலை ஒரு தையல் போட்டு முடித்தார். தானியம் கூடாது, குழைந்த கஞ்சியும் தயிரும் கொஞ்சமாக, பல தடவை. காலையில் எழுந்ததும் கழுத்தடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தட்டையாக இருந்தால் பிழைத்தது என்றார்.

மறுநாள் விடிந்ததும், பல்கூட விளக்காமல் ஜெபராணி பெட்டிக்குள் கைவிட்டாள். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. வெறும் தோல், தையல், அதற்கடியில் துடிக்கிற சூடு. கோழி அவள் விரலை நறுக்கென்று கொத்தியது.

"காலிங்க்கா!" என்று போட்ட சத்தத்தில் தெருநாய்கள் எழுந்துகொண்டன.

"காலியா?" என்றது சுவருக்கு அந்தப்பக்கம்.

"சுத்தமாக் காலி!"

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு மட்டன் குழம்பு. தங்கராஜே போய் வாங்கி வந்தார், யாரும் சொல்லவில்லை. இரண்டு கூடத்திலும் கழிவு நூலுக்கு மூடி போட்ட டிரம் வந்துவிட்டது.

தையல் பிரிக்க இன்னும் நாளிருந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அந்தச் சத்தத்தையும் மீறி ரங்கநாயகியின் குரல் வந்தது.

"ஜெபா! உன்ற மேஸ்திரி இங்க வந்து வேல பாக்குது!"

ஜெபராணி காலடியைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அவள் தொண்டையைத் திறந்தாள்.

"என்ற மேஸ்திரி காம்பவுண்டு தாண்டாதுங்க்கா! அது வேற கோழியா இருக்கும்!"

"கழுத்துக்கடியில தையல் இருக்குது அம்மணி, வந்து பாரு!"