பதினாறு கேஜா, பதினெட்டு கேஜா?

போன வருடம் மழை பிடித்துக்கொண்ட சமயம். திருமுடிவாக்கத்தில் நான் ஒரு சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வயதானவர்கள் வழுக்கி விழாமல் பிடித்துக்கொள்ள, குளியலறைச் சுவரில் எவர்சில்வர் கைப்பிடி மாட்டியிருப்பார்களே, அதைத்தான் செய்கிறோம். பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. அதனால் எங்களுக்கென்று ஓர் ஆன்லைன் கடை வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளைகளே, அந்தக் கடையில் நான் செய்த தப்பைத்தான் சொல்லப் போகிறேன்.

வாங்குகிறவர்கள் எதையெல்லாம் நிரப்ப வேண்டும் என்று நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பெயர், ஊர், அப்புறம் குழாய் எத்தனை கேஜ், அதாவது தகடு எவ்வளவு கனம், எஃகின் தரம் 202-ஆ 304-ஆ, நீளம் எத்தனை மில்லிமீட்டர். ஒன்றை விட்டாலும் அடுத்த பக்கம் வராது. இதெல்லாம் கேட்டால்தான் வேலை சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். போன் நம்பர் மட்டும் கேட்கவில்லை. ஆன்லைனில் வந்த பிறகு போன் எதற்கு?

ஒரு நாள் தாம்பரத்தில் நாங்கள் சரக்குப் போடும் ஹார்டுவேர் கடைக்காரர் கூப்பிட்டார். "சேலையூர்ல ஒரு டீச்சரம்மா வூட்ல கைப்புடி கேட்டுகினு கீறாங்கபா. அவங்க வூட்டுக்காரரு பாத்ரூம்ல வுயுந்துட்டாராம். சட்டுனு போய் மாட்டிக் குடு."

போனேன். ரிட்டயர் ஆன டீச்சர். அவர் கணவர் இடுப்பில் ஆபரேஷன் முடிந்து ஹாலில் கட்டிலில் படுத்திருந்தார். சுவரில் துளை போட்டு மாட்டி முடித்தேன். கிளம்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"எதுக்கு டீச்சர் அலைஞ்சீங்க? எங்களுக்கு ஆன்லைன்லயே கடை இருக்கே" என்று போனை நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது உங்க கடையா? இவர் விழறதுக்கு முன்னாடி நாலு நாளா இதுலதான் தம்பி வாங்கப் பார்த்தேன். பதினாறு கேஜா பதினெட்டு கேஜான்னு கேட்டுச்சு. நான் தமிழ் டீச்சர், எனக்கென்ன தெரியும்? தப்பா போட்டு, அது ஒடஞ்சு இவர் விழுந்துட்டா? பையன் வந்ததும் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

வாசலுக்கு வந்தேன். பாதி நிரப்பிவிட்டுப் போனவர்களின் பட்டியல் ஒன்று என் போனில் வரும். சும்மா பொழுதுபோக்க வருகிறவர்கள் என்று அதுவரை நான் அதைத் திறந்ததே இல்லை. திறந்தேன். டீச்சரின் பெயர். சேலையூர். நான்கு முறை. கடைசி முறை, அவர் கணவர் விழுந்ததற்கு முந்தின நாள். அந்த வாரம் பட்டறையில் பத்துப் பதினைந்து கைப்பிடிகள் விற்காமல் கிடந்தன.

அப்படியே வண்டியை எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. திரும்பி உள்ளே போய், பட்டியலைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன்.

கட்டிலிலிருந்து டீச்சரின் கணவர்தான் பேசினார். "விடுங்க தம்பி. உங்க கடை கேக்காத ஒரு கேள்விக்கும் நான் பதில் சொல்லிட்டேன். கைப்பிடி எங்க வேணும்னு, விழுந்தே காட்டிட்டேன்!"

"நீங்க வாயை மூடுங்க. சிரிச்சா தையல் இழுக்கும்" என்று டீச்சர் அதட்டினார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது.

மறுநாளே அந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போது எங்கள் கடையில் மூன்றே கேள்விகள்: யாருக்கு, எந்த இடத்தில், உங்கள் போன் நம்பர். கனமும் நீளமும் பார்ப்பது எங்கள் வேலை. புதுப் பக்கத்தை முதலில் டீச்சரிடம்தான் கொடுத்தேன். பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, அவர் விரல் தயங்கிய ஓர் இடத்தையும் மாற்றினேன்.

அந்தப் பெரியவர் இப்போதும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். இன்றைக்கும் யாராவது எங்கள் கடைக்கு வந்து வாங்காமல் போனால், அந்த வீட்டுக் குளியலறையில் தரை ஈரமாக இருக்குமோ என்றுதான் என் மனசு பதறுகிறது.