சேற்றுக் கைக்கு ஒரு பூஜ்யம்

"இது மனப்பாடம் பண்ற பேப்பர் இல்லம்மா. கணக்கு வருமா உனக்கு?"

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் அப்ளைடு மைக்ரோ எகனாமிக்ஸ் வகுப்பின் முதல் நாள் பேராசிரியர் என்னிடம் கேட்டது இது. எல்லோரையும் எங்கே படித்தீர்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தவர், நான் பள்ளியும் பி.ஏ.வும் தமிழ் வழி என்றதும் நின்றார். குரலில் கேலி இல்லை, இரக்கம்தான் இருந்தது. கேலி என்றால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"வரும் சார்" என்றேன்.

முதல் உள்தேர்வில் நான்தான் முதல் மதிப்பெண். விடைத்தாளைக் கையில் கொடுக்கும்போது "பரவாயில்லையே" என்றார். அந்தப் பரவாயில்லையேவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பாடம் பிடித்திருந்தது. மனிதர்கள் எதை வாங்குகிறார்கள், எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள், ஒன்றை விட்டு இன்னொன்றை ஏன் எடுக்கிறார்கள் என்பதற்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு சரியா என்று ஊருக்குள் போய்ப் பார்க்கவும் வழி உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஜீயபுரம் பக்கம் வயல் வேலைக்குப் போகிறாள். இப்படி ஒரு படிப்பு இருக்கிறது, அது எங்களைப் பற்றியும் பேசுகிறது என்று தெரிந்த நாட்களில் சத்திரம் பஸ் நிலையத்தில் நிற்கும்போதுகூட மனதுக்குள் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். அருவருப்பு அதற்குப் பிறகு வந்தது.

இந்தப் பாடத்தின் மதிப்பெண்ணில் பாதி குழுவாகச் செய்யும் கள ஆய்வுக்கு. மூன்று பேர் சேர்ந்து ஊருக்குப் போய்க் கேட்டு, கணக்கிட்டு, கட்டுரை எழுத வேண்டும். என் குழுவில் ஸ்ரீரங்கத்துத் தோழி ஒருத்தி. இன்னொருவன் தில்லைநகர்க்காரன், அவன் அப்பாவுக்கு ஆற்றோரம் வாழைத் தோட்டம் இருந்தது. தலைப்பைப் பேராசிரியரே கொடுத்தார்: நூறு நாள் வேலை வந்த பிறகு விவசாய வேலைக்கு ஆள் வருவது குறைந்ததா?

"குறைஞ்சதாவா?" என்று தில்லைநகர்க்காரன் சிரித்தான். "எங்க தோட்டத்துல வந்து பாரு. தார் வெட்ட ஆளே கெடையாது. எல்லாம் ஏரிக்கரையில உக்காந்து கதை பேசிட்டு காசு வாங்கிட்டுப் போகுதுங்க. இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி? எங்கப்பாவக் கேட்டாப் போதும்."

"உங்கப்பா சொல்றதை எழுதிக் குடுத்தா சார் மார்க் போடுவாரா?" என்றேன்.

"போடுவார். இங்கிலீஷ்ல எழுதணும், அவ்ளோதான்."

தோழி சிரித்தாள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆய்வுக்கு எடுத்த ஊர்களில் எங்கள் ஊரும் வந்தது. சொந்த ஊரில் நீ கேட்கக்கூடாது, பதில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்றார் பேராசிரியர். அது நியாயமான விதி, ஒப்புக்கொண்டேன். எங்கள் தெருவுக்கு அவர்கள் இரண்டு பேரும் போனார்கள். வாழை அதிகமுள்ள ஊர்களை நான் எடுத்துக்கொண்டேன். கேள்வித்தாள் பேராசிரியர் தந்தது. அதில் முக்கியமான கேள்வி: போன வாரம் எத்தனை நாள் தினக்கூலிக்குப் போனீர்கள்? வாழைத் தோட்டத்தில் எல்லாம் தினக்கூலிதான். நான் போன வீடுகளில் கேட்டதும் பதில் வந்தது.

அது புரட்டாசி. எங்கள் பக்கம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் தோழி வீட்டு மாடியில் மூன்று பேரும் கணினி முன்னால் உட்கார்ந்தோம். கீழேயிருந்து காபி வந்தது. தோழி ஒரு பொத்தானை அழுத்தினாள். நூறு நாள் அட்டை உள்ள வீட்டுப் பெண்கள் வயல் வேலைக்குக் கிட்டத்தட்டப் போவதே இல்லை என்று வந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம். அப்படி நட்சத்திரம் விழுந்தால் அது தற்செயல் இல்லை, நம்பலாம் என்று அர்த்தம்.

"மூணு ஸ்டார்டா!" என்று தில்லைநகர்க்காரன் தொடையில் தட்டினான். "எங்கப்பா பி.எச்டி."

எந்த ஊரில் அதிகம் பூஜ்யம் என்று பார்த்தேன். எங்கள் ஊர். நடவுக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் வாரத்தில் ஒரு நாள்கூட வேலைக்குப் போகவில்லை என்று அந்தத் திரை சொன்னது.

"இது எப்படிடி?" என்றேன் தோழியிடம்.

"கேட்டோமே. இல்லைன்னு அவங்களே சொன்னாங்க."

"மத்தியானம் ரெண்டு மணிக்குப் போனா எல்லாரும் வீட்டுல டிவி பாத்துட்டு இருக்காங்க" என்றான் அவன். "உங்க ஊருன்னதும் உனக்குக் கோவம் வருது பாத்தியா? இதுக்குத்தான் சார் உன்னைப் போக வேணாம்னாரு."

புதன்கிழமை வகுப்பில் அவர்கள் இரண்டு பேரும் ஆய்வைத் திரையில் படம் படமாகப் போட்டுக் காட்டினார்கள். முதல் படத்தில், வரப்பில் நின்று தில்லைநகர்க்காரன் எடுத்த புகைப்படம்: சேற்றில் வரிசையாகக் குனிந்து நாற்று நடும் பெண்கள், முகம் தெரியாமல் முதுகுகள் மட்டும். அடுத்த படத்தில் கட்டுரையின் முடிவு: இவர்கள் வேலைக்குப் போவதில்லை. வகுப்பில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. பேராசிரியர் "அழகான ரிசல்ட்" என்றார். துறைக் கருத்தரங்குக்கு இதையே அனுப்பலாம், மூன்று பேர் பெயரும் போகும், மேற்கொண்டு ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கும்போது உதவும் என்றார். கைதட்டினார்கள். என் பெயரும் அந்தப் படத்தின் கீழே இருந்தது.

சனிக்கிழமை விடுதியிலிருந்து ஊருக்குப் போனேன். அம்மா அப்போதுதான் வந்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் இருக்கும் சேறு அவளுக்கு நடவு முடிகிறவரை போகாது.

"ஒங்க காலேஜ் புள்ளைங்க வந்துச்சுங்க" என்றாள். "அந்தப் பொண்ணு நல்லாப் பேசுச்சு. டீ போட்டுக் குடுத்தேன். நான் ஒன் அம்மான்னு சொல்லல. சொல்லியிருக்கணுமா?"

"என்ன கேட்டாங்க?"

"தினக்கூலிக்குப் போறீங்களான்னாங்க. இல்லன்னேன்."

"ஏம்மா இல்லன்ன?" கத்திவிட்டேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போனாத்தானடி சொல்லுவேன்? நாங்க செட்டுல நடறோம். எவன் கூலிக்குப் போறது?"

எங்கள் பக்கம் நடவு இப்படித்தான். தெருப் பெண்கள் ஒரு செட்டாகச் சேர்ந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி வேலையை எடுத்துக்கொள்வார்கள். விடியுமுன் வயலில் இறங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்து, அடுத்த வயலையும் நட்டுவிட்டு மத்தியானத்தோடு வீடு திரும்புவார்கள். வந்த பணத்தைத் தங்களுக்குள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். வரப்பில் குடை பிடித்து நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்ட ஒருவனும் கிடையாது. தினக்கூலி என்பது முன்பு, ஒருத்தன் வீட்டு வாசலில் போய் நின்று வேலை கேட்ட காலத்துப் பேச்சு. அதிலிருந்து வெளியே வந்ததைத்தான் அம்மா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். தெருவே அப்படித்தான் சொல்லியிருக்கும். செட்டுப் பெண்கள் எல்லோரிடமும் நூறு நாள் அட்டை உண்டு. நடவு இல்லாத மாதங்களில் அந்த வேலைக்குப் போவார்கள். தினக்கூலி இல்லை என்றவர்கள் எல்லோரிடமும் அட்டை இருந்ததால், அட்டைதான் வயல் வேலையை நிறுத்தியது என்று கணினி கோத்துவிட்டது. இதுதான் அந்த மூன்று நட்சத்திரம்.

"தப்பாச் சொல்லிட்டனா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"பின்ன ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்க?"

மறுநாள் ஸ்ரீரங்கம் போய்த் தோழியிடம் சொன்னேன். நீ டீ குடித்தது எங்கள் வீட்டில்தான் என்றதும் அவளுக்கு முகம் மாறியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கே ஒரு மாதிரி இருந்துதுடி. அவங்க டீ டம்ளரை நீட்டறச்சே முழங்கை வரைக்கும் சேறு. ஆனா கேள்வி தினக்கூலின்னுதானே இருக்கு. நான் என்ன பண்றது?"

"அதைப் பாத்துட்டுமா பூஜ்யம் போட்ட?"

"கேள்வியில இருக்கறதைத்தானே எழுதணும்? சாரே சொல்லியிருக்காரே."

அவள் கெட்டவள் இல்லை. எம்.ஏ. சேர்ந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு போட்ட வீடு அது. ஆனால் சேறு படிந்த கையிலிருந்து டீயை வாங்கிக் குடித்துவிட்டு, அந்தக் கைக்கு வேலை இல்லை என்று எழுத முடிந்திருக்கிறது. தில்லைநகர்க்காரனின் சிரிப்பைவிட இதுதான் எனக்கு அதிக அருவருப்பாக இருந்தது. அவனுக்காவது அப்பாவின் தோட்டம் இருக்கிறது. இவள் எந்த லாபமும் இல்லாமல் செய்திருந்தாள்.

திங்கட்கிழமை பேராசிரியர் அறைக்குப் போனேன்.

"சார், செட்டுல நடறவங்க தினக்கூலின்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாங்க. நம்ம கேள்வி அவங்க வேலையைத் தொடவே இல்லை."

"யார் சொன்னா?"

"எங்கம்மா."

அவர் சிரித்தார். "அது ஒரே ஒரு அப்சர்வேஷன்மா."

"தெருவே அப்படித்தான் சார். நான் திரும்பப் போகல, வேற யாராவது போகட்டும். ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டா போதும்."

"ரிசல்ட் பிடிக்கலைன்னா டேட்டாவைக் குத்தம் சொல்றது வழக்கம்தான். நம்ம அப்படிப் பண்ணக்கூடாது. கடைசி தேதியும் முடிஞ்சாச்சு." கொஞ்சம் யோசித்தார். "சரி, உனக்கு அவ்வளவு உறுத்தலா இருந்தா லிமிடேஷன்ஸ்னு கடைசியில ஒரு தலைப்பு இருக்குல்ல? அதுல ஒரு வரி போட்டுக்கோ."

ஆய்வின் குறைகளைச் சொல்லும் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில், ஒரு வரி. அந்த அறையில் ஏசி ஓடியது. மேசையில் யாரோ பாதி கடித்து வைத்த சமோசா, எண்ணெய் இறங்கிய காகிதத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"சார், என் பேரை எடுத்துடுங்க."

"பேரை எடுத்தா மார்க் வராது. பாதி மார்க் போயிடும். பாஸ் ஆகமாட்ட, தெரியும்ல?"

"தெரியும் சார்."

"நல்லாப் படிக்கிற பொண்ணு. இவ்வளவு எமோஷனலா இருந்தா ரிசர்ச்சுக்கு எப்படி வருவ?"

எனக்கு எமோஷன் எதுவும் இருக்கவில்லை. தெளிவாக இருந்தேன். போன வாரம் வந்த ஆய்வு முடிவில் நான் மட்டும் அல்ல, அவரும் ஏமாந்திருக்கிறார் என்பதைக்கூட அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஏமாந்தவர் மாதிரி அவர் இல்லை.

கட்டுரை இரண்டு பெயரோடு கருத்தரங்குக்குப் போனது. பரிசும் வாங்கியது. தோழி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு பழையபடி பேசினாள். நான்தான் அந்த மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எனக்கு அரியர் விழுந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து எந்தத் தேர்விலும் இரண்டாவதாக வராதவளுக்கு வந்த முதல் அரியர்.

அப்பாவிடம் சொல்ல காந்தி மார்க்கெட்டுக்கே போனேன். மூட்டையை இறக்கிவிட்டு, தலைத்துண்டை உதறிக்கொண்டே கேட்டார்.

"அரியர்னா?"

"ஃபெயில்ப்பா."

"ஃபெயிலா? நீயா?"

"நானாத்தான் வச்சுக்கிட்டேன்."

"அவனவன் காசு குடுத்து பாஸாகறான், நீ கஷ்டப்பட்டு ஃபெயிலாகிட்டு வந்து நிக்கற." துண்டால் முகத்தைத் துடைத்தார். "யாராவது எதாவது சொன்னாங்களா?"

"அம்மா வேலைக்குப் போறதில்லைன்னு எழுதினாங்கப்பா. அதுல கையெழுத்துப் போடச் சொன்னாங்க."

அப்பா துண்டை மறுபடி தலையில் கட்டினார். அப்புறம், பக்கத்தில் லாரியில் ஏறிக்கொண்டிருந்தவரிடம் உரக்கச் சொன்னார்: "ண்ணே, கேட்டீங்களா, எம் பொண்டாட்டி வேலைக்கே போறதில்லையாம்! இது தெரியாம நான் காலையில ஆறுன சோத்தைத் தின்னுக்கிட்டு இருக்கேன்!" லாரியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்கும் வரவில்லை என்று, அவர் அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்த விதத்தில் தெரிந்தது.

அரியருக்கு அந்தப் பாடத்தை மறுபடி எழுதுகிறவர்கள் கள ஆய்வைத் தனியாகச் செய்து கொடுக்கலாம் என்று விதியில் இருக்கிறது. அதைத் தேடிப் படித்து, துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பேராசிரியர் மாறவில்லை, அவரேதான் திருத்தப் போகிறார். அவர் கேள்வித்தாளில் ஒரு எழுத்தைக்கூட நான் நீக்கவில்லை. தினக்கூலிக் கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்கு அடுத்து என் கேள்வி ஒன்று: நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?

எனக்கு உறவு யாரும் இல்லாத ஊராகப் பார்த்து, இன்னும் மேற்கே ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த ஆண்டு நடவு தொடங்கிய வாரம் சத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். முதல் வீட்டில் ஒரு அக்கா, தினக்கூலிக்குப் போவதில்லை என்றார். பூஜ்யம் போட்டேன். அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"நேத்தா? அதை எங்கேருந்து ஆரம்பிக்கறது? உனக்கு அவ்ளோ நேரம் இருக்கா?"

"இருக்குக்கா, சொல்லுங்க."

அந்தத் தெருவின் தெற்கு வரிசை முடிந்துவிட்டது. வடக்கு வரிசையில் பாதி வரை வந்திருக்கிறேன்.