குரல் இடப்பக்கம் நின்றது

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு நிதானக்கா என்று பெயர். மறுமுனையில் யார் எப்படி அலறினாலும், "சரிங்க, முதல்ல எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க" என்று குரல் ஏறாமல் கேட்பாள். இடது காதில் ஹெட்செட், வலது காது பக்கத்து மேசைக்கு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கொஞ்ச நேரம் யாரும் பேசக் கூடாது, பாட்டு மட்டும் ஓட வேண்டும்.

பழைய பாட்டுப்பெட்டி ஒரேயடியாக மண்டையைப் போட்டபோது, பஸ் பட்டறை மெக்கானிக்கான அவள் கணவனே, "புதுசா ஸ்டீரியோ வாங்கிடலாம்" என்றான். பிறகு நாளெல்லாம் சண்டை. அவனுக்கு ஸ்பீக்கரை அலறவைக்கும், வாட்ஸ் நிறைய உள்ள பெரிய ரிசீவர் வேண்டும்.

"நம்ம ஹால் தீப்பெட்டி மாதிரி இருக்கு. பொதுக்கூட்டமா நடத்தப் போறோம்? ஸ்பீக்கர் நல்லா இருந்தாப் போதும்" என்றாள் அவள்.

கடைசியில் ரிசீவர் யாரோ விற்ற பழசு, ஸ்பீக்கர் புதுசு என்று முடிவானது.

சைக்கிள் கடைக்கு மேலே, குறுகலான மாடியில் இருந்தது அந்த ஆடியோ கடை. கடைக்காரர் ஓரளவு விலையில் இருந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களைத் தனித்தனி ஸ்டாண்டில் வைத்து, ரிசீவரோடு வயரை இணைத்தார்.

"நேர் நடுவுல உக்காருங்கக்கா. பாடுறவங்க குரல் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல நிக்கணும். அப்படி நின்னா ஜோடி சரி."

பாட்டு ஓடியது. குரல் நடுவில் நிற்கவில்லை. இடது பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"வலது ஸ்பீக்கர் வேலை செய்யலீங்க."

கடைக்காரர் பேலன்ஸ் திருகைப் பார்த்தார். நடுவில்தான் இருந்தது. வயரை மாற்றிச் சொருகினார். குரல் நகரவில்லை. பெட்டிகளையே இடம் மாற்றினார். அப்போதும் இடது பக்கம்தான்.

"அப்ப ரிசீவர்தான் கோளாறு. பழசை எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா?"

வேறு ரிசீவர் வந்தது. அதே கதை. அவள் குரல் ஏறியது. ஹெட்போன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் இப்படிக் கத்திக் கணவன் கேட்டதே இல்லை. அவளை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டான். தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எனக்கு நடுவுலதான் கேக்குது."

"நீங்களும் அவர் பக்கமா?"

கடைக்காரர் கோபத்தோடு வாயைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்து அடங்கினார். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பினார்.

"ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உக்காருங்கக்கா. இப்ப எந்தப் பக்கம் கேக்குது?"

இதுவரை வலப்பக்கம் இருந்த பெட்டி இப்போது அவள் இடது கைப்பக்கம். அது உயிரோடு பாடியது. மற்றது ஊமையானது.

அவள் உள்ளங்கையால் இடது காதை அழுத்திப் பொத்தினாள். பாட்டு எங்கோ அடுத்த தெருவுக்குப் போனது.

"எப்ப இருந்து?" என்றான் கணவன். தினமும் அவள் அடுத்தவர்களிடம் கேட்கும் கேள்வி.

"முந்தாநாள் எழுந்தப்பவே அடைச்சிருந்துச்சு. சளின்னு விட்டுட்டேன்."

"இதெல்லாம் எங்கயும் ஓடிடாது. முதல்ல காது டாக்டரைப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

ஸ்கூட்டரில் கணவனின் தோள் அசைந்தது. ஏதோ பேசினானா, சும்மா திரும்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

காது ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு விரல் ஓயாமல் அழுத்தியது. பிறகு வலது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்த பெண் திருகைத் திருப்புவது தெரிந்தது. மறுபடி திருப்பினாள். இன்னும் கொஞ்சம். இவள் விரல் பட்டன்மேலேயே காத்துக் கிடந்தது.

"உள்காது திடீர்னு மங்கியிருக்கு. ஏன்னு பல பேருக்குக் கண்டுபிடிக்க முடியாது" என்றார் டாக்டர். "முழுசாத் திரும்பும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா தள்ளிப்போடாம வந்துட்டீங்க. மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிங்க."

மாத்திரை தூக்கத்தைக் கெடுத்தது. கண் விழித்ததும் வலது காதோரம் விரல்களைத் தேய்த்துப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. கணவன் கேட்க மாட்டான், அவளும் சொல்ல மாட்டாள். இனி அந்த வேலையில் உட்கார முடியுமா என்ற கேள்வி இரண்டு பேருக்கும் நடுவே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது.

ஒரு காலையில் விரல் தேய்த்தபோது தாள் கசங்குவதுபோல் ஏதோ கேட்டது. நம்பாமல் மறுபடி தேய்த்தாள்.

"ஏங்க, இந்தப் பக்கம் வந்து ஏதாவது சொல்லுங்க" என்று இடது காதைப் பொத்திக்கொண்டாள்.

அவன் வலது காதோரம் குனிந்தான். "பால் தீந்துபோச்சு" என்றான்.

"பாலா?" என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள்.

முழுதாகத் திரும்பவில்லை. மெல்லிய கீச்சுச் சத்தங்கள் போனது போனதுதான், காதுக்குள் கொசு ரீங்காரம் ஒன்று மட்டும் தங்கிவிட்டது. ஆனால் பேச்சு தெளிவாக வந்தது. டாக்டர் சம்மதித்ததும் வேலைக்குத் திரும்பினாள்.

அந்த வாரமே தனியாக மாடியேறிப் போய், "அன்னைக்கு ரொம்பக் கத்திட்டேன்" என்றாள் கடைக்காரரிடம்.

"விடுங்கக்கா. அந்த ஜோடி வித்துப்போச்சு. அதே மாதிரி கருப்புலதான் இருக்கு."

"கருப்பா? தூசி பளிச்சுனு தெரியுமே!" என்று முகம் சுளித்தபடி நாற்காலியை நேர் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.