குத்தாத கொப்புளம்

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல் பட்டதாரி. அந்தப் பட்டத்தோடுதான், முதல் நேர்முகத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, இரவல் இஸ்திரிப் பெட்டியில் ஆள்காட்டி விரலைச் சுட்டுக்கொண்டு, அதன்மேல் பற்பசையை அப்பிக்கொண்டு, பாதி தேய்த்த சட்டையோடு தெருமுனை இஸ்திரிக் கடையில் போய் நின்றேன்.

கடைக்கார அக்கா சட்டையைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தார்.

"என்ன படிச்சிருக்கீங்க தம்பி?"

சொன்னேன்.

"பேஸ்ட்டு பல்லுக்குன்னு அதுல சொல்லித் தரலையா?"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் நிறுத்தினார். பற்பசை கரைந்தோடிய பிறகும் இருபது நிமிடம் கையை எடுக்க விடவில்லை.

"ஐஸ் வாங்கிட்டு வரட்டுமாக்கா?"

"வேணாம். ஓடுற தண்ணி போதும்." சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றிவிட்டார்.

மறுநாள் விரலில் பட்டாணி அளவுக்குக் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை. சான்றிதழ்க் கோப்பில் இருந்த குண்டூசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"இதால குத்தி விட்டுடுங்கக்கா."

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. "அதை உள்ள வைங்க தம்பி."

அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கடையில் ஊசி என்று ஒன்றுகூட இல்லை. துணிகளின் அடையாளச் சீட்டுகளை நூலால் கட்டியிருந்தார். மேசை இருவர் நின்று தேய்க்கும் நீளம். அதன் ஒரு பாதியில் ஆறிப்போன ஒரு பெட்டியைத் தவிர எதுவும் இல்லை. அந்தப் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இவ்ளோதான் இருந்துச்சு. அன்னைக்கு ஓட்டல் துணி, எல்லாம் வெள்ளை. கொப்புளம் உடைஞ்சு நீர் பட்டா கறையாயிடும். அதனால எங்க தொழில்ல முன்னாடியே குத்தி வடிச்சிட்டு வேலையைப் பார்ப்போம். சீட்டு குத்துற ஊசியால நான்தான் குத்துனேன். அவருக்குச் சக்கரை இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்."

துணி ஒன்றை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"சீழ் வச்சு, விஷம் ஏறி, ஒம்பதாம் நாள் போயிட்டாரு. இப்பவும் மத்தியானம் தெரு அடங்குனா அந்தப் பக்கம் பெட்டியை வைக்கிற சத்தம் கேக்குது. கோவமால்லாம் இல்ல. வேலை செய்யற சத்தம்தான்."

கட்டோடுதான் தேர்வுக்குப் போனேன். தினமும் காலையில் விரலைக் காட்டிவிட்டுத்தான் தெருவைக் கடக்க முடியும். இந்த ஒரு கொப்புளமாவது ஒழுங்காக ஆறிவிட வேண்டும் என்று அவர் தவம் கிடந்தார்.

ஐந்தாம் நாள் அது தானாக உடைந்தது. அக்கா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, எனக்கு முன்னால் மருத்துவமனைக்கு நடந்தார். நர்ஸ் விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா இந்த ஓட்டம்? நல்லா ஆறுது. தோலைப் பிய்க்காதீங்க, கழுவி மூடி வைங்க, போதும்."

"சீழ் இல்லையே சிஸ்டர்?" மூன்று தடவை கேட்டார் அக்கா.

"இல்லம்மா. நீங்க பையனோட அம்மாவா?"

"கடைக்காரி," என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

திரும்பி வந்தபோது மத்தியானம். தெரு அடங்கியிருந்தது. மேசையின் அந்தப் பக்கம் 'தடக்' என்று ஒரு சத்தம். அக்கா என்னைப் பார்த்தார். நான் வேதியியல் படித்தவன். ஆனாலும் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. விரலில் தடம்கூட இல்லை. அக்கா அதே கடையில், மேசையின் இந்தப் பாதியில் நின்று தேய்த்துக்கொண்டிருக்கிறார்.